மழைக் குளிரும் இடுப்பு வலியும்

அடைமழை தொடங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் முதலில் எழுவது தைலத்தின் வாடைதான். "காலை ஊன்ற முடியலையே", "இடுப்பு கழன்று விழுதே" என்ற முனகல் ஒரு வீட்டில் மட்டும் கேட்பதில்லை. வரிசையில் பாதி வீடுகளில் கேட்கும். பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்ட பழைய தோட்டத்துக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. மரத்தை விட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும். மரம் தந்த வலி மட்டும் கூடவே வந்திருக்கும்.

நம் நாட்டில் குளிர் ஏது என்று கேட்பவர்கள் மார்கழியில் கேமரன் மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் இரவுக் குளிர் 15 டிகிரிக்கு இறங்கும். ஈரச் செடிகளுக்கு நடுவே இடுப்புவரை நனைந்து, முதுகில் கூடையோடு நிற்பவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. தாழ்நிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் அத்தனை குளிர் இல்லை. ஆனால் விடியுமுன் எழுந்து ஈரக்காற்றில் வேலைக்கு நடக்கிறவருக்கு அந்தக் குளிரே போதும்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ரப்பர் மரத்துக்கு உகந்த நேரம் விடியற்காலை. வெயில் ஏறுமுன் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக இறங்கும். மனிதனின் முதுகுக்கோ அதுதான் ஆகாத நேரம்! இரவெல்லாம் படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்து விறைத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் விழும் பளு மற்ற நேரத்தைவிட அதிகம். மரம் பால் கொடுக்கத் தயாராக இருக்கும் அந்த வேளையில் நம் இடுப்பு வேலைக்குத் தயாராக இருப்பதில்லை.

"எலும்புக்குள்ளே குளிர் ஏறிவிட்டது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குளிர் எலும்புக்குள் ஏறுவதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது முழுப் பொய்யுமல்ல. 2019-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, நாள்பட்ட வலியுள்ள 2,600-க்கும் மேற்பட்டவர்களின் அன்றாடக் குறிப்புகளைப் பார்த்தது. ஈரப்பதம் மிகுந்து, காற்றழுத்தம் குறைந்து, காற்று பலமாக வீசிய நாட்களில் வலி சற்றே கூடியிருந்தது. வெறும் குளிர் மட்டும் அவ்வளவு காரணமாகத் தெரியவில்லை. 2014-இல் சிட்னியில், புதிதாக இடுப்பு வலி கண்ட சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்ததில், மழைக்கோ குளிருக்கோ அந்த வலி தொடங்கியதற்கோ தொடர்பு காணப்படவில்லை. ஆக, வானிலை வலியைப் படைப்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்த மூட்டையும் களைத்த தசையையும் கொஞ்சம் சீண்டிவிடுகிறது. மீதி வேலையை நாமே செய்கிறோம். எப்படி என்றால், அசையாமல் கிடப்பதால்!

மழை நாளை எண்ணிப் பாருங்கள். மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. பால் பட்டை வழியே வழிந்து வீணாகும். வானத்தைப் பார்த்தபடி திண்ணையில் குந்தியிருப்போம். இரண்டு நாள் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் விட்டதைப் பிடிக்க ஓடுவோம். இரண்டு நாள் துருப்பிடித்த இடுப்பு அன்றைக்குத்தான் "சடக்"கென்று பிடித்துக்கொள்ளும். பழி மழைமேல் விழும்.

ஆகவே மழை நாளில் செய்யவேண்டியது போர்வைக்குள் சுருண்டு கொள்வதல்ல, வீட்டுக்குள்ளேயே நடமாடுவது. இடுப்பு வலி என்றால் வாரக்கணக்கில் படுக்கை என்று முன்பு மருத்துவர்களே சொன்னதுண்டு. இப்போது அப்படிச் சொல்வதில்லை. சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். முடிந்தவரை நடமாடிக்கொண்டே இருப்பவருக்கு விரைவில் தணியும்.

விடியற்காலையில் எழுந்தவுடன் குனிந்து வாளியைத் தூக்காதீர்கள். பாயிலேயே மல்லாந்து படுத்தபடி ஒரு முழங்காலை இரு கைகளாலும் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுங்கள், பத்து எண்ணி விடுங்கள், பிறகு மற்றதை. ஐந்து முறை போதும். ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். வெந்நீரில் குளிக்க வசதியிருந்தால் குளியுங்கள். இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் கொதிக்கும் நேரத்துக்குள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முழங்கால் வலிக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள், மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். உடம்பு கனத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு: எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பளு நான்கு கிலோ குறையும்.

வேலைக்காட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. வெட்டுப் பட்டை தரைக்கு அருகே இறங்கிவிட்ட மரத்தில் இடுப்பை வளைக்காமல், ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழுங்கள். ஐந்நூறு மரத்துக்கு ஐந்நூறு முறை தாழ்வது சுலபமல்லதான். பாதி மரத்துக்காவது செய்தால் இடுப்புக்குப் பாதி மிச்சம். காண்டாக் கம்பை எப்போதும் ஒரே தோளில் வைக்காதீர்கள். வாளி நிறையட்டும் என்று காத்திருந்து ஒரே நடையில் கொண்டுபோவதைவிட இரு நடை போவது மேல். செம்பனைக் குலையைக் கை நீட்டித் தூக்காமல் உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பை மட்டும் திருப்பாமல் காலோடு திரும்புங்கள். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி, இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கும்போதே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்றுதான் அளவு சொல்கிறது. நன்கு முதிர்ந்த மரத்தின் குலை இந்த அளவைச் சுலபமாக எட்டிவிடும். அதுவும் நாம் தூக்குவது இடுப்பு உயரத்திலிருந்து அல்ல, தரையிலிருந்து! இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதில் வெட்கம் என்ன? உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் அரைமணிக்கு ஒரு முறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சற்று வளைந்து கொள்ளட்டும். வேலையில் திடீரென்று இடுப்பு பிடித்தால் அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லிப் பதிய வையுங்கள். பிறகு சொக்சோவிடம் உதவி கேட்க அது தேவைப்படும்.

பாட்டி வைத்தியத்தில் உப்பு ஒத்தடமும் நொச்சி இலை ஒத்தடமும் நல்லவையே. சூடு தசையைத் தளர்த்தும். 15, 20 நிமிடம் போதும். துணியைச் சுற்றித்தான் வைக்க வேண்டும். நீரிழிவுக்காரர்களின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெந்துபோனாலும் தெரியாது. அவர்களுக்கு இன்னொருவர் கையால் சூடு பார்த்துத்தான் வைக்க வேண்டும். சிவந்து வீங்கிச் சுடுகிற மூட்டுக்குச் சூட்டு ஒத்தடம் கூடவே கூடாது. கோடாலித் தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அது நோயைத் தீர்ப்பதில்லை.

"குளிருக்கு ஒரு மடக்கு" என்று சம்சு புட்டியைத் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடலின் சூட்டை வெளியே விடுகிறது. சூடு ஏறியதுபோல் தோன்றும்; உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கும். வலி மாத்திரையும் விழுங்கியிருந்தால் வயிற்றில் இரத்தக் கசிவே வரலாம்.

வலியில் எல்லாம் ஒரே வலியல்ல. காலையில் விரல்கள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் மடங்க மறுத்தால் அது சாதாரணத் தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். முன்னதாகவே வைத்தியம் பார்த்தால் மூட்டு கோணாமல் காக்கலாம். கால் பெருவிரல் இரவோடு இரவாகச் சிவந்து, துணி பட்டாலும் துடிக்க வைத்தால் கவுட்டாக இருக்கக்கூடும். இடுப்பு வலியோடு கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு இடையே உணர்ச்சி அற்றாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலியும், உடம்பு இளைத்துக்கொண்டே வரும் வலியும், வயதானவர் விழுந்தபின் வரும் வலியும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் உறுத்துவது. பாசார் மாலாமிலும், வீடு தேடி வருபவர்களிடமும் வாங்கும் பெயர் தெரியாத ஜாமு மாத்திரைகளும் கறுப்பு உருண்டைகளும்! "இரண்டு நாளில் எழுந்து நடந்துவிட்டார்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். உண்மைதான், நடப்பார். இத்தகைய பொருட்கள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று நம்பி விழுங்குவது மூலிகையல்ல. மாதக்கணக்கில் தின்றால் முகம் நிலாப்போல் உருண்டு உப்பும். "தேறிவிட்டாரே" என்று ஊரார் மெச்சுவார்கள்! உள்ளே இனிப்பு நீர் ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பொடியும்.

பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், சில வேளை உயிருக்கே மோசம். நீண்ட நாள் தின்றவர்கள் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும். பதிவு செய்த மருந்தின் பெட்டியில் எம், ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். பொய் எண் அச்சடிப்பவர்களும் உண்டு. மருந்தகத்தில் காட்டிக் கேட்டால் சரிபார்த்துச் சொல்வார்கள். மருந்துக்கடை மாத்திரைகளும் சர்க்கரை மிட்டாய் அல்ல. டைக்ளோபெனக் போன்றவற்றை நாள்தோறும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். போனால் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன வேலை, எத்தனை கிலோ, எத்தனை ஆண்டு என்பதைச் சொல்லுங்கள். பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். புறப்படுமுன் வீட்டில் உள்ள மாத்திரை, புட்டி, பொட்டலம் அத்தனையையும், கூச்சப்பட்டு ஒளித்து வைத்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசைமேல் வைத்துவிடுங்கள்.