ரப்பர் முடியும் இடம்

பாறசாலைப் பக்கத்து ஜிம்களில் இயந்திரங்கள் பளபளக்கின்றன. கால் இடறுவது தரையின் விளிம்பில்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வெள்ளை டைல்ஸ் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கறுப்பு ரப்பர். இரண்டுக்கும் நடுவே ஒரு மேடு, விரல் தடிமன்தான். அதன் மேல் பழுப்பு நிற ஒட்டுநாடா. அதிலும் ஒரு முனை பிய்ந்து சுருண்டு நிற்கிறது. தினமும் வருகிறவர்கள் பார்க்காமலே காலைத் தூக்கி வைத்துக் கடந்துவிடுகிறார்கள். சிக்கல், இரு கைகளிலும் டம்பெல்லைப் பிடித்தபடி பின்னால் நகர்கிற புதியவருக்கு.

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. பழைய 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (இப்போது 66) அங்கிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குப் போகிறது. வழியில் கடைகளின் மாடியில் நடக்கும் ஜிம்களில் இது அபூர்வக் காட்சியல்ல. கடையாகவோ திருமண மண்டபமாகவோ கட்டிய இடத்தில் பின்னால் ஜிம் வந்தால் தரை ஒன்றாக இருக்காது. வாசலில் டைல்ஸ், ஓட்டப் பொறிகளுக்குக் கீழே 8 மி.மீ. ரப்பர், எடை தூக்கும் மூலையில் 20 மி.மீ. ரப்பர், யோகாவுக்குப் பஞ்சு போன்ற நுரைப்பாய். கொஞ்சம் வசதி இருந்தால் நடனப் பயிற்சிக்கு மரத்தரை. ஒவ்வொன்றுக்கும் தடிமன் வேறு, குணமும் வேறு. இவை சந்திக்கும் கோடுகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

சந்திப்புக் கோடுகள் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பது வேடிக்கை. 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. பாறசாலையும் அதோடு தங்கியது. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் இடறாமல் சேர்ந்துகொள்கின்றன. ரப்பரும் டைல்ஸும்தான் சேர மறுக்கின்றன.

ரப்பர் இந்த மண்ணுக்கு அந்நியமுமல்ல. எல்லையின் இரு புறமும் விடியற்காலையில் பால்வெட்டு நடக்கிறது. தமிழக அரசின் ரப்பர் கழகமே 1984இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டதுதான். ஆனால் ஜிம்முக்கு வரும் கறுப்புப் பலகை பெரும்பாலும் தேய்ந்துபோன டயர்களைத் துகளாக்கி, பாலியூரித்தேன் பசை கலந்து அழுத்திச் செய்தது. லாரி டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். ஆகவே விளவங்கோட்டில் வடிந்த பால் பல வருஷம் ஊர் சுற்றிவிட்டுப் பாறசாலை மாடிக்குத் தரையாகத் திரும்பியிருக்கலாம்.

எவ்வளவு மேடு ஆபத்து? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதி இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. வரை செங்குத்தாக இருக்கலாம். அதற்கு மேல் அரை அங்குலம் வரை விளிம்பைச் சாய்த்துச் செதுக்க வேண்டும். அதையும் தாண்டினால் சாய்தளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற வழக்கமான சரிவில் 20 மி.மீ. ரப்பருக்கு 24 செ.மீ. நீளச் சாய்வு தேவை. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். இவ்வளவு இடத்தை வாசலில் விட்டுக்கொடுக்க மாடி ஜிம்காரருக்கு மனம் வருவதில்லை. சக்கர நாற்காலியில் ஒருவர் தம் ஜிம்முக்கு வரக்கூடும் என்றே அவர் நினைப்பதில்லை என்பது இன்னும் வருத்தமான விஷயம்.

இடமிருந்தால் தீர்வு எளிது. ரப்பரிலேயே சாய்வாக வார்த்த ஓரத்துண்டுகள் கிடைக்கின்றன. 8 மி.மீ. தரைக்கு ஒரு பக்கம் சரிந்த அலுமினியப் பட்டை போதும். ஒன்றோடொன்று பல் கோத்துக்கொள்ளும் பலகைகளுக்கு நேர்விளிம்புத் துண்டுகள் தனியாக உண்டு. பலர் அதை வாங்காமல் பல்வரிசையை அப்படியே வெளியே நீட்டிவிடுகிறார்கள். தரை சிரிப்பதுபோல் இருக்கும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது.

மரமும் ரப்பரும் சந்திக்கும் இடம்தான் உண்மையான சோதனை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டு பருவமழை பார்க்கும் ஊர் இது. மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், வெயிலில் சுருங்கும். மிதவையாகப் போட்ட மரத்தரைக்குச் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளியை மூடும் பட்டையைக் கீழே உள்ள கான்கிரீட்டில்தான் திருக வேண்டும். மரத்தையும் சேர்த்துத் திருகினால் அது நகர வழியின்றி நடுவில் முதுகு தூக்கும். அழுக்கு சேருகிறதே என்று இடைவெளியில் சிமென்ட் பூசுவதும் அதே தப்பு. அங்கே நெகிழும் சிலிக்கான் அல்லது தக்கைதான் சரி.

வினைல் தரையோடு ரப்பரை ஒட்டிப் போட்டால் வேறு தொந்தரவு. ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து வினைலில் பழுப்புக் கறையாக ஊறுகிறது. எந்தச் சோப்புக்கும் அது போகாது. நடுவில் ஒரு உலோகப் பட்டை வைப்பதுதான் தடுப்பு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைக் கான்கிரீட் மேல் வைத்து நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். அடியில் நீர் பூத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ பசை போடக் கூடாது. போட்டால் முதலில் பெயர்வது விளிம்பு. மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான் செலவு. அந்தப் பொறுமை அபூர்வம்.

எடை மேடையில் நுணுக்கம் இன்னும் கூடுதல். நடுவில் பிளைவுட், இரு புறமும் ரப்பர். கால் மரத்தில், எடை விழுவது ரப்பரில். பிளைவுட் 18, ரப்பர் 20 என்று வாங்கி வைத்தால் 2 மி.மீ. வித்தியாசம். நூறு கிலோவைத் தலைக்கு மேல் பிடித்திருப்பவரின் குதிகால் அந்தக் கோட்டில் விழுந்தால் 2 மி.மீ. சின்ன விஷயமல்ல. மெல்லிய தகடு ஒன்றை அடியில் கொடுத்துச் சமன் செய்ய ஒரு ஆசாரிக்கு அரை நாள் போதும்.

இந்த வட்டாரத்தின் பழைய பயிற்சிக் கூடங்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது. வடக்கன் களரி 42 அடிக்கு 21 அடி என்று நிலத்தைத் தோண்டிச் செய்த குழி. உள்ளே மண் ஒன்றே தரை. கிழக்கு வாசலில் வலது காலை எடுத்து வைத்து, தரையைத் தொட்டுக் கும்பிட்டு இறங்குகிறார்கள். பக்தியோ பழக்கமோ, மட்டம் மாறும் இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று கீழே பார்க்க வேண்டியிருக்கிறது. திருவிதாங்கூரின் தெற்கே, வர்ம ஆசான்களின் அடிமுறைக்குக் குழிகூட வேண்டாம். திறந்த வெளியோ ஓலை மறைப்போ போதும். விளிம்பு என்று ஒன்று இல்லாத தரை.

மாடி ஜிம்மில் அப்படி முடியாது. அங்கே விளிம்பு வேலை எப்போதும் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பணம் தீர்ந்திருக்கும். தரை போட்டவர்கள் சாயங்கால பஸ்ஸில் மார்த்தாண்டத்துக்குத் திரும்பியிருப்பார்கள். மறுநாள் திறப்பு விழா. குத்துவிளக்கு ஏற்ற அரை மணி நேரம் இருக்கும்போது யாராவது ஒரு பையனைக் கீழே கடைக்கு அனுப்புகிறார்கள், பழுப்பு நாடா வாங்க.