டப்பாவுக்குள் தப்பிய கிருமி

டப்பாவில் அடைத்த இறைச்சி. உள்ளே ஒரு கிருமிகூட மிஞ்சாதபடி கதிர்வீச்சைப் பாய்ச்சியாகிவிட்டது. அப்புறமும் அது கெட்டுப்போனால்?

1956-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இதுதான் நடந்தது, நேயர்களே. ஆர்தர் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி அந்த இறைச்சியைச் சோதித்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாக்டீரியா! பெயர் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். வாயில் நுழையவில்லையா? விடுங்கள், ஆள் பலே கில்லாடி!

மனிதரைக் கொல்லும் கதிர்வீச்சைப்போல ஆயிரம் மடங்கு பட்டாலும் இது பிழைத்துக்கொள்ளும். அதன் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறும். ஆனால் சில மணி நேரத்திலேயே, கிழிந்த கடிதத்தை ஒட்டுவதுபோல வரிசை மாறாமல் சேர்த்துவிடும். எப்படி? ஒவ்வொரு செல்லிலும் அதே டி.என்.ஏ.வுக்குப் பல பிரதிகள் வைத்திருக்கிறது. ஒன்றில் அறுந்த இடத்தை இன்னொன்றைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது.