பழைய காண்டசாவை புதுசாக்கலாம்... இன்ஜினை மாத்தலாமா? சட்டம் சொல்வது என்ன?

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள திருமுக்கூடலில் ஒரு வீடு. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் 1986 மாடல் காண்டசா கார் பல வருஷமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. எடைக்குப் போட மகனுக்கு மனசு வரவில்லை. யூடியூப்பைத் திறந்தால் பழைய காருக்குள் புது இன்ஜினை இறக்கி பறக்கவிடும் வீடியோக்களாக வருகின்றன. 'நாமும் இப்படி ரெடி பண்ணினால் என்ன?' என்று தோன்றுகிறது.

செய்யலாமா? எதை மாத்தலாம், எதில் கை வைக்கக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

காண்டசாவுக்கு ஏன் இந்த மவுசு?

அமெரிக்காவில் 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ, நடுத்தர அளவு காருக்குள் 6.4 லிட்டர் வி-8 இன்ஜினுடன் வந்தது. சின்ன உடம்பு, பெரிய பலம். இப்படிப்பட்ட வண்டிகளைத்தான் 'மசில் கார்' என்கிறார்கள்.

நம்ம ஊரில் அந்தப் பெயரை வாங்கியது காண்டசா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் தயாரிக்கத் தொடங்கியது. நீளமான பானெட், பின் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை, கம்பீரமான முகம். ஆனால் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின். சக்தி சுமார் 50 குதிரைத்திறன்தான். பார்க்க பயில்வான், ஓட்டினால் அம்பாசடர்!

பிறகு இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும், ஐந்து கியர் பாக்ஸும் வந்தபோதுதான் வண்டிக்கு உயிர் வந்தது. 2002-ல் தயாரிப்பு நின்றுவிட்டது.

சென்னை அருகே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு 2000 காரின் கதையும் இதேதான். இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி-1 என்ற பெயரில் வி-8 இன்ஜினோடு ஓடிய அந்தக் கார், இங்கே பழைய 2 லிட்டர் இன்ஜினோடு 1985-ல் வந்து சில வருஷத்திலேயே காணாமல் போனது. தோற்றத்துக்கு ஏற்ற இன்ஜின் போட வேண்டும் என்ற ஆசை இந்த வண்டிகளோடு கூடவே வருவது இதனால்தான்.

15 வருஷம் தாண்டினால் எடைக்குத்தானா?

இல்லை. பழைய கார்களை ஓட்டக் கூடாது என்ற தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் ஆர்சி 15 வருஷம் செல்லும். அதன்பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரியும் உண்டு. 20 வருஷம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்தியது.

அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன்பு ஆர்சி புக்கைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை. அதில் உள்ள சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகணும். அப்பா காலமாகிவிட்டால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றணும். இதெல்லாம் சரியில்லாமல் லட்சக்கணக்கில் செலவு செய்தால், கடைசியில் வண்டி கொட்டகையில்தான் நிற்கும்.

இன்ஜினை மாத்தினால் என்ன ஆகும்?

இங்கேதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாகிப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

மீறினால்? 182ஏ(4) பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

காண்டசாவுக்கே வந்த இசுசு இன்ஜினைப் பழைய மாடலில் போடுவதற்கும் ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வேலையை முடித்துவிட்டு அப்புறம் போய்க் கேட்பது உதவாது. அனுமதியோடு செய்தால், 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் பதிவு செய்யணும். வேறு கம்பெனியின் பெரிய இன்ஜினை இறக்குவது, மேல்கூரையை வெட்டுவது, சேசிஸில் கை வைப்பது எல்லாம் வேண்டாத வேலை. பெயின்ட் நிறத்தை மாற்றலாம், ஆனால் அதுவும் ஆர்சியில் ஏறணும்.

இன்னொரு இழப்பும் இருக்கு!

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவு தரும் விதிகளை மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

முக்கியமான நிபந்தனை இதுதான்: சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் அசல் வடிவில் இருக்கணும். நம்ம 1986 காண்டசாவுக்கு 2036-ல் 50 வயசாகும். இன்று ஆசைப்பட்டு இன்ஜினை மாத்தினால், அன்று இந்தத் தகுதி கையைவிட்டுப் போகும்.

அப்போ எதைத்தான் மாத்தலாம்?

ஆர்சி விவரம் மாறாமல் வண்டியை மேம்படுத்த நிறைய வழி இருக்கு. வரிசைதான் முக்கியம்.

• துரு: மண் தரையில் நின்ற வண்டி அடியில் இருந்துதான் அரிக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, தரைத் தகடு, கதவின் அடிப்பகுதி, டிக்கி ஓரங்களைத் தட்டிப் பார்க்கணும். அரித்த தகட்டை வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்டிங் பண்ணணும். மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தால், அடுத்த மழைக்காலத்திலேயே உப்பி வரும்.

• பிரேக்: 60 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டு வண்டி நிற்கும் தூரத்தைவிட, 80-ல் சுமார் 1.8 மடங்கு அதிகம் தேவை. திருமுக்கூடல் பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாமே புதுசு போடணும்.

• வயரிங்: காய்ந்துபோன வயரும், எலி கடித்த வயரும் தீப்பிடிக்கக் காரணமாகும். முழு வயரிங்கையும் மாற்றி, ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது நல்லது.

• ஸ்டார்ட்டிங்: பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் அடிக்கடி டியூனிங் பண்ணும் தொல்லை குறையும். ரேடியேட்டரை சுத்தம் செய்து மின்விசிறி சேர்த்தால் டிராஃபிக்கில் சூடு ஏறாது.

• பெட்ரோல் லைன்: இப்போது பங்குகளில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து, கசியலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

இந்த வண்டிக்குக் கம்பெனி ஸ்பேர் இனி வராது. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர்களும் தேடலாம். அம்பாசடர் இன்ஜின் உள்ள மாடல் என்றால் இன்ஜின் பாகங்கள் கிடைப்பது சுலபம். கண்ணாடி, லைட், குரோம் பட்டைகள்தான் கஷ்டம். அதனால் பிரிக்கும்போது உடைந்த பாகத்தையும் தூக்கிப்போடக் கூடாது. அதை மாதிரியாக வைத்து லேத்தில் புதுசு கடைந்துகொள்ளலாம். பழைய இன்ஜின் வாங்கினால் பில் கட்டாயம் கேட்கணும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் வழக்கு வாங்கியவர் மேலும் பாயும்.

செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் முக்கியம். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகும்.

மொத்தத்தில், முதலில் ஆர்சி, அடுத்து துரு, அப்புறம் பிரேக், கடைசியில்தான் பெயின்டும் அழகும். 50 குதிரைத்திறன் இன்றைய ஹைவேயில் குறைவுதான். ஆனால் அப்பா ஓட்டிய அதே இன்ஜின் சத்தத்தோடு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, பின்னால் வருகிற வண்டிக்கு வழி விட்டுட்டு நிதானமாகப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.