எண்ணெய்க்கு ஒரு சன்ஷேடு

போன மாசம் ஒரு புது போன் வாங்கினேன். அதோட விவரக் குறிப்பில் ‘ஓலியோபோபிக் கோட்டிங்’ என்று போட்டிருந்தது. எண்ணெய்க்கு ஆகாத பூச்சு என்று அர்த்தம். சரி, பார்த்துடலாம்னு வடை சாப்பிட்ட கையோட திரையைத் தொட்டேன். கட்டைவிரல் ரேகை அச்சடிச்ச மாதிரி பதிஞ்சுது.

ஏமாத்திட்டாங்களா? இல்லை. அந்தப் பூச்சு, துடைத்தால் சுலபமாகப் போகணும் என்பதற்காகப் போட்டது. எண்ணெயை முத்து மாதிரி உருண்டு நிற்கவைக்க வழவழப்பான பரப்பால் முடியாது. அது ஏன், அப்போ வேற என்ன வழி, இதுதான் இன்றைய எபிசோடு.

பரப்பு இழுவிசை ஞாபகம் இருக்கா? பிளஸ் ஒன் இயற்பியல். தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு 30-லிருந்து 35-க்குள்தான், பாதிகூட இல்லை. அதனால தண்ணீர் தன்னை இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். எண்ணெய் கிடைச்ச இடத்துல படுத்துடும். டெஃப்லான் மேலேகூட எண்ணெய்த் துளி பரந்துதான் கிடக்கும்.

பூ கட்டிக் கொடுத்த தாமரை இலையில் இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். தண்ணீர் உருண்டு ஓடிச்சு. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். பளபளன்னு ஒரு திட்டாகப் பரவிடுச்சு. அதுக்கப்புறம் அந்த இடத்தில் தண்ணீரும் ஓடலை. தாமரை இலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் காற்று தங்கும், தண்ணீர் அந்தக் காற்று மேலதான் நிற்குது. எண்ணெய் அந்தக் காற்றைத் தள்ளிட்டு உள்ளே போய்விட்டது. சொரசொரப்பு பொதுவா இப்படித்தான்: ஒட்டாததை இன்னும் ஒட்டாமல் ஆக்கும், ஒட்டுறதை இன்னும் ஒட்டவைக்கும்.

அப்போ எண்ணெய்க்கு வேண்டியது வேற வடிவம். உங்க வீட்டு ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில், ஓரத்தை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் நீளமாகப் போகும், கவனிச்சிருக்கீங்களா? மழைத்தண்ணீர் ஓரத்தில் திரும்பி, அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல் இருக்கத்தான் கொத்தனார் அதைப் போடறார். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தண்ணீர் தயங்கி, கீழே சொட்டிவிடும். அதே வித்தையை மைக்ரோமீட்டர் அளவில் செய்யறாங்க. நேரான தூண் வைத்தால் எண்ணெய் அதன் சுவர் வழியே இறங்கிடும். தூணுக்கு மேல காளான் மாதிரி ஒரு குடை வைத்தால், எண்ணெய் குடையின் விளிம்பில் நின்றுவிடும். உள்ளே போகணும்னா தன் பரப்பை இன்னும் விரிக்கணும். பரப்பு இழுவிசை அதை விடாது.

2007-ல் அனிஷ் துதேஜா, ராபர்ட் கோஹன், கேரத் மெக்கின்லி உள்ளிட்ட எம்ஐடி குழு இதைச் செய்து காட்டியது. 2014-ல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏவில் லியுவும் கிம்மும் அந்தக் குடையின் ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்தார்கள். எந்தப் பூச்சும் இல்லாமலேயே, எல்லாத்தையும் நனைக்கிற திரவங்கள்கூட அதில் உருண்டன. ஆனா அது சிலிக்கான் டை ஆக்சைடு. வளையாது, தேய்த்தால் உடையும்.

இங்கேதான் மென்மையான பொருட்கள் வருது. குடை வைத்த வடிவத்தை அச்சில் வார்த்தால், கெட்டியான பொருள் அச்சிலேயே மாட்டிக்கும். ரப்பர் மாதிரி இருந்தால் இழுத்து எடுத்துடலாம், பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஆனா அந்த மென்மையே வினையும் ஆகுது. ரொம்ப மெத்தென்று இருந்தால், நனைந்த தூரிகையின் முடி ஒன்று சேர்வது மாதிரி தூண்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திடும். சிலிகோன் ரப்பரில் செய்தால் ஹெக்சேன் போன்ற எண்ணெய்களை அதுவே குடித்து வீங்கும். இடைவெளி பெரிதானால் துளி சுலபமாக ஓடும், ஆனா லேசா அழுத்தினாலே உள்ளே இறங்கிடும். நெருக்கினால் தாங்கும், ஆனா துளி ஒட்டிக்கும்.

துணியும் இப்படிப்பட்ட பரப்புதான். நூலிழை உருண்டை என்பதால் அதன் அடிப்பக்கம் தானாகவே குடை மாதிரி வளைஞ்சிருக்கு. 2009-ல் எம்ஐடிக்காரர்கள் பாலியஸ்டர் துணிக்குப் பூச்சுப் போட்டு எண்ணெயை நிற்கவைத்தார்கள். துணியை இழுத்தால் இடைவெளி விரிந்து எண்ணெய் உள்ளே இறங்கிடுச்சு. முழங்கை, முழங்கால் இருக்கிற இடத்தை யோசிச்சுப் பாருங்க.

நான் கொஞ்சம் கவலைப்படுற விஷயம் அந்தப் பூச்சு. அது ஃப்ளூரின் சேர்மம். மழைக்கோட்டுக்கு மெழுகோ சிலிகோனோ போதும். எண்ணெயைத் தடுக்கணும்னா மட்டும் எல்லாரும் ஃப்ளூரினைத் தேடிப் போறாங்க. அந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் லேசில் சிதையாது. தீயணைப்பு வீரர் உடையில் எரிபொருள் ஊறக்கூடாது என்பது உயிர்ப் பிரச்சினை. அந்த உடையில் இந்தச் சேர்மங்களைத் தவிர்க்கவிடாத ஒரு தர விதியை எதிர்த்து, அமெரிக்கத் தீயணைப்பு வீரர் சங்கமே 2023-ல் வழக்குப் போட்டது.

ஃப்ளூரின் இல்லாமல் இதைச் செய்கிற ஒரு உயிர் இருக்கு. ஸ்பிரிங்டெயில், ஈர மண்ணில் துள்ளுகிற, பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி மாதிரியான ஜீவன். அதில் பெரும்பாலான வகைகள் தோல் வழியாகத்தான் மூச்சு விடுது, தோல் நனைந்தால் திணறிவிடும். தேன்கூடு மாதிரி வரிசையாக இருக்கும் நுண்மணிகள், கீழ்ப்பக்கம் குறுகி, மேலே விளிம்பு நீட்டி நிற்குது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆராய்ந்தவர்கள், அந்தத் தோல் பல எண்ணெய்த்தன்மையுள்ள திரவங்களையும் தாங்குவதை 2011-ல் எழுதினார்கள். பிறகு அதே வடிவத்தைப் பாலிமர் சவ்விலும் வார்த்தெடுத்தார்கள். தேய்மானத்தையும் துவைப்பதையும் தாங்குகிற அளவுக்கு அதைப் பெரிய பரப்பில் செய்வதுதான் இப்போ பாக்கி. ஸ்பிரிங்டெயில் தோல் உரித்துப் புதுசு போட்டுக்கும், சட்டையால் முடியாதே.

போன் திரைக்கு இது வருமான்னு கேட்பீங்க. சந்தேகம்தான். துளி தானா நிற்கிறது வேற, விரல் அழுத்தித் தேய்க்கிறது வேற. வடை எண்ணெயைக் குடைக்கு அடியில் நாமே தள்ளிவிட்டுடுவோம்.