மலையேற்றத் தோல் பூட்ஸ்

மலையேற்றத்துக்கான நல்ல பூட்ஸுக்குச் சுமார் 3 மி.மீ. கனமுள்ள மாட்டுத் தோலையே தேர்ந்தெடுக்கிறார்கள். மேற்பகுதி பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்கும். தையல் குறைந்தால் நீர் புகும் வழியும் குறையும் என்பதே காரணம். புதிதில் கட்டைபோல் விறைத்து நிற்கும் அந்தத் தோல், பல நாள் நடந்த பிறகே காலுக்கு இணங்கும். வாங்கிய கையோடு சிகரத்துக்குப் புறப்பட்டால் குதிகாலில் கொப்புளம்தான் மிச்சம்.

முற்காலத்தில் தோல் அடிப்பாகத்தில் இரும்பு ஆணிகளை அடித்துவைத்தார்கள். ஆணி பனியில் பிடிக்கும். கூடவே குளிரையும் பாதத்துக்குக் கடத்தும். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு பேர் இறந்த விபத்துக்குப் பின், மலையேறியான விட்டாலே பிராமானி ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கினார். 'விப்ரம்' என்ற அந்த அடியோடுதான் 1954-இல் இத்தாலியர் கே2 சிகரத்தை எட்டினர்.

தோலின் எதிரி ஈரம். பகலில் நனைந்த பூட்ஸ் இரவில் உறைந்து, காலையில் கால் நுழையாதபடி இறுகிவிடும்; விரல்களைப் பனிக்கடிக்குப் பறிகொடுக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே மிக உயர்ந்த சிகரங்களில், உள்ளுறையைக் கழற்றி உலர்த்தக்கூடிய இரட்டை பூட்ஸ் தோல் பூட்ஸின் இடத்தைப் பிடித்தது. தாழ்ந்த மலைகளில் தோல் இன்னும் நிலைத்திருக்கிறது.

நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தி, மெழுகு தடவ வேண்டும். அடி தேய்ந்தால் புதிதாக மாற்றித் தைக்கலாம்.