காதுக்கு எத்தனை வோல்ட் வேண்டும்?

ஓசூர் என்றதும் கைக்கடிகாரம் நினைவுக்கு வருகிறதல்லவா? டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஆலை இங்குதான் அமைந்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து காலத்தை அளக்கிறது. அதைப் போன்றே வேகமாக அதிரும் ஒரு படிகம், கைபேசியில் பாட்டுக் கேட்க உதவும் ஒரு கருவிக்கும் தாளம் போடுகிறது.

இன்று பல கைபேசிகளில் ஹெட்போனுக்குரிய வட்டத் துளை இல்லை. மின்னேற்றும் துளையில் ஒரு சிறு கருவியைச் செருகி, அதில் ஹெட்போனை மாட்ட வேண்டும். இது சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது? முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம்.

வேலைகள் இரண்டு. ஒன்று, எண்களை மின்னலையாக மாற்றுவது. குறுந்தகட்டு முறையில் ஒலி விநாடிக்கு 44,100 எண்களாகப் பதிவாகிறது. ஏன் இத்தனை? நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளவெடுத்தால், அலையை முழுமையாக மீட்டுவிடலாம். எனவே, பெட்டியின் மேல் ‘1,92,000’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பாட்டுக் கேட்பதற்கு 44,100 போதும்.

மற்றொன்று, அந்த மின்னலைக்கு ஹெட்போனை இயக்கும் வலிமை தருவது. இங்கே உங்கள் பாடப்புத்தகமே வழிகாட்டும்: திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்த ஈவு. ஹெட்போனின் மின்தடை 32 ஓம். 1 மில்லிவாட்டில் அது 100 டெசிபெல் ஒலி தருவது என்று கொள்வோம். கருவி 1 வோல்ட் தந்தால் திறன் ஏறத்தாழ 31 மில்லிவாட். ஒலியோ 115 டெசிபெல்! 300 ஓம் ஹெட்போனில் அதே 1 வோல்ட் சுமார் 3.3 மில்லிவாட்தான் தரும். ஆயினும் ஒலி 105 டெசிபெல்.

ஆகவே சாதாரண ஹெட்போனுக்குச் சிறு கருவியே தாராளம். மின்தடை மிகுந்து, உணர்திறன் குறைந்த ஹெட்போனுக்கு மட்டுமே பெரிய பெருக்கி தேவை. கருவியின் சொந்த வெளியீட்டுத் தடை, ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி நம் காதுக்கு வருவோம். சிறுவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 75 டெசிபெல், பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் போகும்போது, இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டத் தோன்றும். அதற்கு மருந்து பெரிய பெருக்கியன்று. காதை நன்றாக மூடி வெளியோசையைத் தடுக்கும் ஹெட்போன்தான்.

கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உங்கள் ஹெட்போன் பெட்டியில் எத்தனை ஓம், எத்தனை டெசிபெல் என்று போட்டிருக்கிறது? இன்றே எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்களேன்!