பின்வளவுக்கு வரும் நரிக் குடும்பம்

படுவான்கரையில் வட்டையை அண்டிய ஒரு வீட்டுத் திண்ணையில் சில மாலைகள் அமர்ந்திருந்தோம். பொழுது சாய்ந்ததும் பற்றைக்குள்ளிருந்து ஒரு சோடி நரிகள் வெளிவந்தன. பின்னே மூன்று குட்டிகள். தாய் நின்று காற்றை மோந்தது. தந்தை வரம்பில் பிடித்த எலியைக் குட்டிகளின் முன் போட்டது.

"போன கிழமை மூன்று கோழி போயிற்று. இறைச்சியில நஞ்சு வைக்கத்தான் வேணும்" என்றார் வீட்டுக்கார அம்மா. முட்டைக் காசுதான் பிள்ளைகளின் கொப்பிச் செலவுக்கு. அவரது கோபத்தை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் நஞ்சு ஆள் பார்ப்பதில்லை. வீட்டு நாயும் காகமும்கூட அதற்குப் பலியாகும். எலி தின்னும் நரி அழிந்தால் வயலுக்கே நட்டம். இலங்கையின் காடுகளுக்கே உரிய நாயினம் நரி ஒன்றுதான். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்க்கின்றன. முந்திய ஈற்றுக் குட்டிகளும் சில வேளை துணை நிற்கும்.

அயலவர் கூடிக் கோழிக்கூட்டை உயர்த்திக் கட்டினோம். சுற்றிலும் கம்பிவலை அடித்து, அடியில் ஓரடி ஆழம் புதைத்தோம். பொழுதுபட முன் கோழிகளை அடைப்பதும் மீன்கழிவைப் புதைப்பதும் வழக்கமாயின.

ஒன்றை மறக்கவேண்டாம். நரிக்குச் சோறு வைத்துப் பழக்காதீர்கள். விசர்நோய் அதற்கும் வரும். கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள்.

அந்த அம்மா நஞ்சு வைக்கவில்லை. கூடு கட்டிய பின் ஒரு கோழியும் போகவில்லை. நரிகள் இன்னும் வருகின்றன, எலி தேடி.